தோஹாவை விடத் தூரமான கட்டுநாயக்கா

கிண்ணியாப் பாலத்தடித் தேநீர்க்கடை வாசலில் ஒரு வேன் நிற்கிறது. உள்ளே ஒரு குடும்பமே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. சாரதிக்குப் பக்கத்துச் சீற் மட்டும் காலி. தோஹாவிலிருந்து வருகிறவருக்கு அது. எத்தனையோ விமான நிலையங்களில் இறங்கியிருக்கிறேன். எனக்காக யாரும் ஒரு சீற்றைக் காலியாகக் கொண்டு வந்ததில்லை.

அவர் விமானம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தால்தான் வேன் புறப்படும். அது இந்த வீட்டு வழக்கம்.

போனில் பார்க்கிறேன். தோஹாவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். ஐந்து மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். இங்கிருந்து அதில் பத்திலொரு பங்குகூட இல்லை. ஆனால் தொழுகைக்கும் தேநீருக்கும் நிறுத்திப் போக ஆறு மணித்தியாலமாகும்.

"அப்ப அவரெல்லோ முந்தி வந்து நிப்பார்?" வேனுக்குள் வட்டிலப்ப இனிப்புச் சட்டியை மடியில் வைத்திருக்கும் அவருடைய மனைவியிடம் கேட்கிறேன்.

"ஓம். மூணு வருஷம் நாங்க பாத்துக்கொண்டு இருந்தம். மச்சான் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிக்கட்டும்."

அவளுடைய போன் சிணுங்குகிறது. ஏறிவிட்டாராம். வேன் பாலத்தில் ஏறுவதற்குள், சாரதியை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் அவள் குரல்தான் கேட்கிறது:

"கொஞ்சம் கெதியா ஓட்டுங்க நானா."