ரீச்சருக்குப் போட்ட கதிரை

அந்தப் புத்தகம் இப்போதும் எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சுருள் கம்பி போட்டுக் கட்டிய தடித்த புத்தகம். அட்டையில் ஒரு ஹெலிகொப்டர் படம், உள்ளே முழுக்க ஆங்கிலம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதில் இலக்கங்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனாலும் அதன் முதற் பாடங்களை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். பாடமாக்க வைத்தது என் எரிச்சல். அந்த எரிச்சலுக்குக் காரணமான ரீச்சரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

என் கணவர் குருநகரில் நாற்பது வருடம் கடற்றொழில் செய்தவர். சீனி வருத்தம் வந்து, கண்ணும் மங்கத் தொடங்கியபோது படகை விற்றுவிட்டு வீட்டில் இருந்தார். கடலில் திரிந்த மனிதர் வீட்டுக்குள் இருந்தால் என்ன பாடு என்று எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும். குசினிக்குள் வந்து உப்புப் போத்தலை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவார். விடுமுறைக்கு வந்த மகன், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு கொம்பியூட்டரும், இரண்டு கைபிடிகளும், காலால் மிதிக்கிற பலகையும் வாங்கி விறாந்தையில் பூட்டிவிட்டு, சண்டை ஹெலிகொப்டர் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குத் திரும்பிப் போனான். எத்தனையோ விளையாட்டு இருக்க இதுதான் வேண்டும் என்று கேட்டவர் இவர். எனக்கு அது விளங்கவில்லை. சண்டைக் காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடினவர்கள் நாங்கள். அதே சத்தம் இப்போது என் வீட்டு விறாந்தையில்.

“இஞ்சருங்கோ, உந்தச் சனியனை ஏன் வீட்டுக்குள்ளை கொண்டுவந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“பழகவேணும்,” என்றார். அவ்வளவுதான்.

விளையாட்டு என்பது பேருக்குத்தான். உண்மையான ஹெலிகொப்டருக்கு உள்ளது எல்லாம் அதற்கும் இருந்தது. கிளப்புவதற்கே வரிசை வரிசையாகச் சுவிச்சுகள் போட வேண்டும். ஒன்று பிந்தினாலும் முந்தினாலும் கிளம்பாது. ஒருவாறு கிளப்பி மேலே தூக்கினால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். அதைக் காலால் மிதித்து நேராக்கினால் உடம்பு சரியும். சரிவைக் கையால் பிடித்தால் மற்றப் பக்கம் அதைவிட மோசமாகச் சரியும். முதல் கிழமை முழுக்க இவர் விழுந்துகொண்டேயிருந்தார். வள்ளத்தின் இயந்திரம் என்றால் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லுகிற மனிதர், நிலத்திலிருந்து ஒரு பனை உயரம் போகவில்லை. எல்லாம் விளையாட்டோடு வந்த அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது. வாசிக்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் ரீச்சர் வந்தார். மாதா கோயிலுக்குப் பின் வீதியில் தனியாக இருப்பவர்; ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர்; கலியாணம் செய்யாதவர். என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு, பார்த்தால் பத்து வயது குறைவு போல இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய இவர் போய்க் கேட்டாராம். அடுத்த நாள் சரியாக நாலு மணிக்கு ரீச்சர் குடையும் கண்ணாடியுமாக எங்கள் வீட்டுப் படலையில் நின்றார். இவர் தன் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டார். நாற்பது வருடத்தில் எனக்கு அவர் ஒரு கதிரை இழுத்துப் போட்டது கிடையாது. போட்டிருந்தால் நான் கூச்சத்தில் இருந்திருக்கவும் மாட்டேன், அது வேறு கதை.

நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ரீச்சர் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்லுவார்.

“பற்றரி, இடப்பக்கம் ரெண்டு.”

“போட்டாச்சு.”

“மேலை, மூண்டாவது வரிசை, எண்ணெய்ப் பம்ப்.”

“போட்டாச்சு.”

எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனை சொல்லுவோம். மாதாவின் ஒவ்வொரு பெயராக நான் சொல்ல, ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று இவர் பதில் சொல்லுவார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். நித்திரை தூங்கிக்கொண்டு, பாதிச் சொல்லை விழுங்கிக்கொண்டு சொல்லுவார். ரீச்சருக்குச் சொன்ன ‘போட்டாச்சு’ ஒன்றும் விழுங்கிய சொல் இல்லை. மணி அடித்த மாதிரி வந்தது. போதாக்குறைக்கு அந்த இயந்திரத்துக்குள்ளும் ஒரு பொம்பிளை இருந்தாள். ஏதோ பிழை நடந்தால் தெரியாத பாஷையில் எச்சரிக்கை சொல்லுவாள். அவள் வாய் திறந்தவுடன் இவர் கையைத் தளர்த்திப் பணிந்துவிடுவார். மருந்துக் குளிசையைப் போடுங்கோ, குளிசையைப் போடுங்கோ என்று நான் மூன்று தரம் கத்தினாலும் அசையாத மனிதர்.

நான் தேத்தண்ணி கொண்டுபோனால் ரீச்சர் நிமிர்ந்து பார்ப்பார். “நீரும் வந்து இருமன். என்ன குசினிக்குள்ளையே கிடந்து?”

“எனக்கென்ன விளங்கப்போகுது,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். வந்து, விளங்காததை எல்லாம் ஒரு சொல் தவறாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதத்தில் இவர் கிளப்பவும், மேலே எழும்பவும், முன்னுக்குப் போகவும் பழகிவிட்டார். ஒருநாள் ரீச்சர் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “அண்ணை, அடுத்த பாடம் சுடுறது,” என்றார்.

“அது வேண்டாம் ரீச்சர். நிண்ட இடத்திலை அசையாமல் நிக்கிறது எப்பிடியெண்டு பாருங்கோ.”

ரீச்சர் சிரித்தார். “நல்ல கதை! சண்டை ஹெலியைக் கொண்டுவந்து வைச்சுக்கொண்டு சுடமாட்டாராம். பின்னை என்னத்துக்கு அண்ணை இதைப் பழகுறியள்?”

இவர் சொன்னது இது. “சண்டை நேரம், ஒருநாள் விடியப்பறம் நானும் எங்கடை அண்ணையும் வலை இழுத்துக்கொண்டு நிக்கேக்கை ஒரு ஹெலி வந்து தலைக்கு மேலை நிண்டது. கடலிலை எங்கை ஓடுறது? ரெண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டம். கனநேரம் நிண்டவன், சுடாமல் போயிட்டான். அவன் எங்கடை கையைக் கண்டிட்டுத்தான் போனவனோ? மேலையிருந்து பாத்தால் என்ன தெரியும் எண்டு எனக்கு ஒருக்காப் பாக்கவேணும் ரீச்சர். கண் இருக்கேக்கையே பாக்கவேணும். செபமாலை முடிய அவனுக்கெண்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுறனான், இண்டைவரைக்கும்.”

நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். அத்தனை வருடமும் முழந்தாளில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். கடைசியில் அவர் உதடு மட்டும் அசைய ஒரு செபம் சொல்லுவது தெரியும். செத்துப்போன தாய்க்காக என்று நினைத்திருந்தேன். படகில் நடந்ததை ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை. வந்து ஒரு மாதமான ஒருத்திக்குச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்தத் தேத்தண்ணியை நான் கொண்டுபோகவில்லை. வாளிக்குள் ஊற்றிவிட்டேன்.

அடுத்த நாள் நாலு மணிக்கு முன்னரே படலையில் போய் நின்றேன். ரீச்சர் குடையை மடக்க, “ரீச்சர், சனம் ஒருமாதிரிக் கதைக்குது,” என்றேன்.

“ஆர்?”

“சனம்.”

என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “சரி,” என்று சொல்லி மடக்கிய குடையைத் திரும்ப விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இவர் விறாந்தையில் காத்திருந்தார். மூன்றாம் நாள் ரெலிபோன் எடுத்துக் கேட்டார். ரீச்சர் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று பின்னேரம் இவர் புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இருந்த இருப்பைப் பார்க்க முடியவில்லை. போய் ரீச்சருடைய கதிரையில் இருந்தேன். “பற்றரி, இடப்பக்கம் ரெண்டு,” என்றேன்.

திரும்பிப் பார்த்தார். “என்ன?”

“போடுங்கோ எண்டுறன்.”

போட்டார். மேலே மூன்றாவது வரிசை என்றேன். அதையும் போட்டார். ஒன்று விடாமல் சொல்லி முடிக்க, காற்றாடி சுற்றத் தொடங்கியது. வீடெல்லாம் அந்தச் சத்தம். நான் பயப்பட மறந்துபோனேன்.

“எடியே! நீ உதை எங்கை படிச்சனி?”

“குசினிக்குள்ளை.”

வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வருடக்கணக்கு. ரீச்சரை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று கிழமை அந்தக் கதிரையில் இருந்தேன். கிளப்புவோம், எழும்புவோம், முன்னுக்குப் போவோம். நிற்கப் பார்த்தவுடன் விழுவோம். அசையாமல் நிற்கிற பாடத்தை ரீச்சர் வாசிக்கவில்லையே. அவர் வாசிக்காதது எனக்குத் தெரியாதே. இவர் விழுந்ததும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். நான் திரும்பவும் பற்றரி என்பேன். அந்தக் கதிரையில் இருந்தால் எனக்கும் அந்தப் படகின் கதையைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இடையில் ஒருநாள் கண் கிளினிக்குக்குப் போனோம். இருக்கிற பார்வை கனகாலம் நில்லாது என்று டொக்டர் சொன்னார். பஸ்ஸில் வரும்போது இவர், “ரீச்சருக்கு எப்ப சுகம் வருமோ?” என்று மட்டும் கேட்டார். குறையாகச் சொல்லவில்லை. மழை எப்ப வருமோ என்கிற மாதிரிக் கேட்டார்.

அன்றைக்கே ரீச்சர் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லியும் போகாமல் வாசலிலேயே நின்று சொன்னேன். “சனம் ஒண்டும் கதைக்கேல்லை ரீச்சர். நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமோ?”

“சனம் கதைச்சால் முதல் என்ரை காதுக்கெல்லே வரும். உமக்கு ஆர் வந்து சொல்லப்போயினம்? நீர் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லையே!”

“பின்னை ஏன் வராமல் விட்டனீங்கள்?”

“இருவது வருசமா ஒரே கோயிலுக்குப் போறம். நீர் என்ரை முகத்தைப் பாத்துக் கதைச்சது அண்டைக்குத்தான். அவ்வளவு பாடுபட்டு வந்து கேட்டனீர், அதுக்கு மரியாதை குடுக்க வேண்டாமே?” என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார். நான் அழுதேன். அவர் அதைக் காணாத மாதிரி, “நாளைக்கு வாறன், தேத்தண்ணிக்குச் சீனி குறைச்சுப் போடும்,” என்றார்.

அடுத்த நாள் குசினியிலிருந்து மூன்றாவது கதிரையை நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். கிளப்புவது என் பாடம், மிச்சம் ரீச்சருடைய பாடம் என்று ஆயிற்று. கைபிடியை இறுக்காமல் இரண்டு விரலால் பிடிக்க வேண்டுமாம். கீழே பார்க்காமல் தூரத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். சரிந்த பிறகு பிடிக்காமல், சரிய நினைக்கும்போதே பிடிக்க வேண்டுமாம். “வள்ளத்திலை நிக்கிற மாதிரித்தான் ரீச்சர், விளங்குது,” என்றார் இவர். விளங்கியும் இன்னொரு மாதம் எடுத்தது.

அந்த நாள் வந்தது. கடலுக்கு மேலே போய், ஒரு சின்னப் படகைக் கண்டு, அதன் தலைக்கு மேலே நின்றார். நடுங்கிக்கொண்டுதான், ஆனால் நின்றார். படத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு கண்ணைக் கசக்கினார்.

“எனக்குப் புகைச்சலாக் கிடக்கு. ரீச்சர், ஆக்கள் தெரியினமோ?”

ரீச்சரைத்தான் கேட்டார். ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தேன். “படகு தெரியுது. ஆக்களைத் தெரியேல்லை,” என்றேன்.

“கையொண்டும்?”

“இல்லை.”

கைபிடியை விட்டுவிட்டார். ஹெலிகொப்டர் கடலுக்குள் விழுந்தது. “விளையாட்டுச் செய்தவன் ஆக்களை வைக்க மறந்தானோ, இல்லை உண்மையிலையும் தெரியாதோ,” என்றார். பிறகு மெல்லச் சிரித்தார். “எப்பிடியோ, விட்டிட்டுப் போயிட்டான். சொன்ன செபம் சொன்னதுதான்.”

அப்போதுதான் என் வாயில் வந்தது. ரீச்சர் இருக்கிறார் என்றுகூட நான் பார்க்கவில்லை. “ஏன் எனக்குச் சொல்லேல்லை? இவ்வளவு காலமும் ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“உனக்குச் சொன்னால் அடுத்த நாள் கடலுக்கு விட்டிருப்பியே? காலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடந்திருப்பாய். பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுத்திருப்பம்? அந்த நேரம் சொல்லாமல் விட்டது, பிறகு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

நான் விட்டிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குசினிக்குள் போய் அடுப்பை ஊதினேன். எரிகிற அடுப்பைத்தான் ஊதினேன்.

ரீச்சர் வெளிக்கிட, படலைவரை கூடப் போனேன். குடையை விரித்துக்கொண்டே, “இண்டைக்கு உம்மிலை எனக்குச் சரியான எரிச்சல்,” என்றார்.

“என்னிலையோ? ஏன் ரீச்சர்?”

“எனக்கு ஒருத்தரும் ஒண்டையும் ஒளிச்சு வைக்கேல்லை. ஒளிச்சு வைக்கிறதுக்கு ஒருத்தர் இருக்கவேணுமெல்லே,” என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். படலையைச் சாத்தாமல் அவர் மூலை திரும்பும்வரை நின்றேன்.

இப்போது இவருக்குத் திரை தெரியாது. கொம்பியூட்டரைச் சீலையால் மூடி வைத்திருக்கிறேன். ரீச்சர் இன்னமும் நாலு மணிக்கு வருவார். இவருக்குப் பேப்பர் வாசிப்பார். நானும் மூன்றாவது கதிரையில் இருந்து கேட்பேன். தேத்தண்ணி போடுவதற்கு மட்டும் எழும்பி உள்ளே போவேன். சில நாட்களில் நான் உள்ளே நிற்கும்போது அவர்கள் இருவரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்கும். அன்றைக்குத் தேத்தண்ணி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கெதியாகவே விறாந்தைக்குப் போகும்.