ஏழாவது கணக்குக்கு இரண்டு புள்ளி

அம்மாவை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகிறது. பெயர் கெர்லிண்ட் ஆங்கெரர். பவேரியாவில் எங்கள் சிற்றூரின் தபால்காரி. பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் கடிதங்களை முப்பது வருடம் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டவர். நல்ல செய்தி எதையும் அவர் நம்பாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. எங்கள் ஊரில் பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். மூன்று பாடங்களின் சராசரி 2.33-க்கு மேல் போகாமல் இருந்தால் கிம்னாசியம் என்னும் உயர்நிலைப் பள்ளி, பிறகு பல்கலைக்கழகம். அதைத் தாண்டினால் வேறு பள்ளி, வேறு பாதை. ஒன்றுதான் உயர்ந்த கிரேடு; எண் கூடக்கூட மோசம். கடைசிக் கணக்குத் தேர்வில் எனக்கு இரண்டாம் கிரேடு கிடைத்தது. சராசரி சரியாக 2.33. தாளில் ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் கிரேடு மூன்றாகியிருக்கும்.

திருத்திய தாளில் பெற்றோர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மா பேனாவைத் திறக்கவே இல்லை.

"ஏழாவது கணக்கு விடை தப்பு. ஆனா வாத்தியாரு பக்கத்துல ரெண்டு புள்ளி போட்டிருக்காரு."

"பேசாம கையெழுத்துப் போடு" என்றார் அப்பா. "நமக்குத்தானே நல்லது?"

"அதான் இடிக்குது, அலோய்ஸ். டாக்டர் வீட்டுப் பொண்ணுக்கும் இப்படிப் போடுவாரா? தபால்காரி மகளாச்சேன்னு பரிதாபப்பட்டிருப்பாரு. நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சா இவதான் தலைகுனிஞ்சு நிக்கணும்."

அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, "உன்னைச் சொர்க்கத்துக்குள்ள விட்டாக்கூட வாசல்ல நின்னு விசாரிப்பே" என்றார்.

மறுநாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஆசிரியர் பிர்க்ல் தாளைப் பார்த்தார்.

"வழி சரி. கடைசிக் கழித்தல்தான் பிசகு. அதனால மூணுக்கு ரெண்டு. பரிதாபமெல்லாம் இல்லைங்க."

"எல்லாருக்கும் அப்படித்தானா சார்?"

"எல்லாருக்கும்தான்."

"பாத்துச் சொல்லுங்களேன். நான் நிக்கிறேன்."

அவர் சலிப்போடு மற்றத் தாள்களைப் புரட்டினார். பாதியில் கை நின்றது. முகம் சிவந்தது. இன்னொரு பிள்ளையும் அதே இடத்தில் அதே போலத் தவறு செய்திருந்தான். அவனுக்குப் பூஜ்யம். அடியில் அவன் அம்மாவின் கையெழுத்து இருந்தது.

"விட்டுப்போச்சு" என்றார் மெதுவாக.

"போடுங்க. நான் பாக்கணும்."

பூஜ்யத்தை அடித்துவிட்டு இரண்டு எழுதினார். மொத்தத்தையும் மாற்றினார். அது யாருடைய தாள் என்று அம்மா கேட்கவில்லை. என் தாளை மேசைமேல் வைத்து, அவருடைய சிவப்புப் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

நான் கிம்னாசியத்துக்குப் போவது உறுதியாகிவிட்டது. வெளியே வந்ததும் துள்ளினேன். அம்மா மட்டும் பள்ளிச் சன்னல்களைத் திரும்பிப் பார்த்தார்.

"போன வருசத் தாளெல்லாம் எங்க வச்சிருப்பாங்க?" என்றார்.