'ஓடினோம்' என்ற ஒரு சொல்

குன்னூரில் இருந்துகொண்டு கோவைப் பதிப்பகம் ஒன்றுக்குப் பிரதி திருத்துவது என் தொழில். அதோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடலூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எழுத்துப் பயிற்சியும் நடத்திவந்தேன். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள்தான் வருவார்கள். அதனால் தேவாலாப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், மூன்று நோட்டுகளோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபோது என் கவனம் முழுக்க அவர் பக்கமே போனது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள்.

"பிள்ளைக ரெண்டும் திருப்பூருல இருக்கு. சாயங்காலம் டிவி பார்க்கப் பிடிக்கல டீச்சர். அதான் எழுதுனேன்" என்றார்.

நோட்டுகளை வாங்கிவந்து படித்தேன். மழையில் அட்டை ஏறாமலிருக்கக் காலில் என்ன தேய்ப்பார்கள் என்பதைக்கூட விவரமாக எழுதியிருந்தார். சொந்தக்காரர் கல்யாணப் பந்திக்கு மூன்று பக்கம். ஆனால் யானை வந்த நாளுக்கு நாலே வரி: 'காலை ஏழரைக்கு ஆனை வந்தது. ஓடினோம். கூட வேலை பார்த்தவளுக்குக் கால் முறிந்தது. அதற்குப் பிறகு நான் அந்தத் தேயிலைக் காட்டில் பறிக்கவில்லை.'

பந்திக்கு மூன்று பக்கம் எழுதியவர் இதற்கு ஏன் நாலு வரியோடு நிறுத்திக்கொண்டார்? அடுத்த மாதம் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க அக்கா, ஓடினோம்னு எழுதியிருக்கீங்க. யாரெல்லாம் ஓடுனீங்க?"

"எல்லாருந்தான்."

"கால் முறிஞ்சவங்களும் ஓடுனாங்களா?"

அவர் நோட்டை மூடினார். "பஸ்சுக்கு நேரமாச்சு டீச்சர்" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த மாதம் வரவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவரை விரட்டியடித்துவிட்டேனே என்று எனக்கு உறுத்தலாக இருந்தது. அப்படியும் அந்தக் கேள்வி மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

அதற்கடுத்த மாதம் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து காத்திருந்தார். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார். அன்று அவரும் அவருடைய தோழியும் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் பறித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சத்தம் கேட்டு எல்லோரும் ஓட, தோழி இடுப்பில் கட்டியிருந்த மழைத்தாள் செடியில் மாட்டி, அவர் வாய்க்கால் பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டிருக்கிறார்.

"என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. திரும்பிப் பார்த்தேன் டீச்சர். பார்த்துட்டுத்தான் ஓடுனேன்."

யானை தோழியை ஒன்றும் செய்யாமல் விலகிப் போயிருக்கிறது. இது நடந்து ஒன்பது வருஷம். தோழி இப்போதும் இவர் வீட்டு வரிசையிலேயே நாலாவது வீடு. குழம்பும் கருவேப்பிலையும் கைமாறும். இந்தப் பேச்சு மட்டும் வந்ததே இல்லை.

"அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டிருக்கீங்களா?"

"அத எப்படி டீச்சர் கேக்குறது?"

"கேக்கோணும்னு இல்லீங்க. உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க. தெரியாத எடத்துல தெரியலன்னே எழுதுங்க."

எழுதினார். பதினோரு பக்கம். ஆனால் என்னிடம் தருவதற்கு முன்னால், தோழியைப் பற்றியது என்பதால், அவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். அன்று மத்தியானம் நான் குன்னூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. ஓரமாக ஒதுங்கி நின்று காதில் வைத்தேன். முதலில் தோழியின் குரல்.

"நான் எங்கடி உன்னைக் கூப்பிட்டேன்? ஓடு ஓடுன்னுதான் கத்துனேன். நீதான் மரம் மாதிரி நின்ன."

"என் பேரச் சொன்னியே!"

"பேரச் சொல்லாம யாரடி ஓடச் சொல்றது?"

பிறகு ஒருவர் மூக்கை உறிஞ்சும் சத்தம். யார் என்று தெரியவில்லை. இன்னொரு முறை கேட்டுப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

அந்த நோட்டுகளையும் இந்தப் பதினோரு பக்கத்தையும் சேர்த்துப் புத்தகமாகப் போட எங்கள் பதிப்பகம் ஒப்புக்கொண்டது. பிரதியைத் திருத்தும்போது நான் ஒரு தப்பு செய்தேன். தோழி சொன்னதுதான் உண்மை என்று எடுத்துக்கொண்டு, தோழி இவரை உதவிக்குக் கூப்பிட்டதாக வந்த வரிகளை எல்லாம் வெட்டிவிட்டேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை 'லயம்' என்று எழுதியிருந்த இடங்களையும் 'லைன் வீடு' என்று மாற்றினேன். பிரதி திரும்பி வந்தபோது வெட்டிய வரிகள் எல்லாம் பச்சை மையில் மறுபடி எழுதப்பட்டிருந்தன.

"அவ கத்துனது அவளுக்குத் தெரியும். எனக்குக் கேட்டது எனக்குத் தெரியும். ரெண்டும் இருக்கட்டும் டீச்சர்" என்றார் போனில். "அப்புறம், எங்கம்மா லயம்னுதான் சொல்லுவாங்க."

இரண்டையும் விட்டுக்கொடுத்தேன். கல்யாணப் பந்தியை மட்டும் அரைப் பக்கமாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்.

புத்தகம் இந்த வருஷம் வந்தது. வெளியீட்டு விழாவுக்குத் தோழியும் வந்திருந்தார், சற்றுச் சாய்ந்த நடையோடு. கூட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க கேட்டுத்தான் இவ எழுதுனாளாம். என்கிட்டயும் ஏதாச்சும் கேளுங்க."

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆனை பக்கத்துல நின்னப்போ என்னங்க பார்த்தீங்க?"

"எங்க பார்த்தேன்? கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். வாசந்தான் வந்துச்சு. செடிய மிதிச்சிருக்கும்போல, பச்சக் கொழுந்து வாசம். நம்ம ஃபேக்டரிக்குள்ள நுழைஞ்சதும் வருமே, அந்த மாதிரி. அந்தப் பயத்துலயும் நல்லா இருந்துச்சு."

இது புத்தகத்தில் எங்கும் இல்லை. எழுதியவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலயே" என்றார் தோழி.