மாப்பிள்ளையின் காற்றுக் குளியல்

எங்கள் அத்தானைப் போல ஒரு சுத்தக்காரரை நான் பார்த்ததில்லை. அவர் செய்கிற வேலையோ அழுக்கிலும் அழுக்கான வேலை. சமையலறை மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல்லை, அடுப்புக்கும் தொட்டிக்கும் தகுந்தபடி அறுத்துக் கொடுக்கிற பட்டறையில் அவர் அறுப்புக்காரர். சக்கரம் கல்லைத் தொட்டதும் மாவு மாவாகப் புகை கிளம்பும். பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாது. சாயங்காலம் அங்கிருந்து வெளியே வருகிறவர்கள் எல்லாம் சுண்ணாம்புச் சட்டிக்குள் விழுந்து எழுந்தவர்கள் போல வர, அத்தான் மட்டும் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வருவார். அதனால் பட்டறையில் அவர் பெயர் மாப்பிள்ளை. மகளைக் கட்டிக்கொடுத்து, தனக்கே ஒரு மாப்பிள்ளை வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

இதற்கெல்லாம் காரணம் என் அக்கா. அக்காவுக்கும் தூசிக்கும் ஜென்மப் பகை. ஜன்னல் கம்பியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்க்கிற ரகம். கல்யாணமான புதிதில் அத்தான் தலையோடு கால் வெள்ளையாக வீட்டுக்குள் காலை வைக்க, "அங்கேயே நில்லுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மனிதர் செருப்போடு உறைந்து நின்றாராம். மறுநாளே அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

பட்டறையில் கம்ப்ரஸர் உண்டு. பசை போடுவதற்கு முன் கல் மேல் இருக்கிற பொடியை ஊதித் தள்ளுவதற்காக வைத்த காற்றுக் குழாய். வேலை முடிந்து இயந்திரங்களை நிறுத்தியதும், புகை அடங்குகிற வரை அத்தான் காத்திருப்பார். காற்றில் தூசி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் மாஸ்க்கைக் கழற்றுவார். பிறகு குழாயை எடுத்துத் தலை, கழுத்து, சட்டை, கால்சட்டை என்று ஒரு இடம் விடாமல் உஸ் உஸ்ஸென்று ஊதிக்கொள்வார். இதற்குக் காற்றுக் குளியல் என்று அவரே பெயரும் வைத்தார். கடைசியாக மாஸ்க்குக்கும் குளியல். முகத்துக்கு நேரே பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளும் புறமும் ஊதி, மடித்துப் பையில் வைப்பார். மற்றவர்கள் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற இடத்தில், நல்ல மாஸ்க் வாங்கிப் போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். ஜாக்கிரதையான ஆள் என்று நாங்கள் எல்லோருமே அவரை மெச்சிக்கொண்டிருந்தோம்.

நான் இருப்பது இரண்டாவது மாடி, அக்கா மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வெளிச்சத்துக்காக என் தையல் மிஷினை வாசலை ஒட்டிப் போட்டிருக்கிறேன். கொஞ்ச நாளாக அத்தான் சாயங்காலம் ஏறி வரும்போது என் வாசலில் நிற்க ஆரம்பித்தார். கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "இன்னிக்கு யாரோட துணியைக் கெடுத்த?" என்பார். எனக்கு அது போதும். அளவைக் குறைத்துச் சொல்லிவிட்டு, சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்து சண்டை போடுகிறவர்கள் கதையை எல்லாம் கொட்டித் தீர்ப்பேன். அவர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கத்தரிக்கோலும் கையுமாக அக்காவிடமே போய்ச் சொன்னேன்: "உன் புருஷனுக்கு உன்கிட்ட பேசறதை விட என்கிட்ட பேசறதுதான் பிடிச்சிருக்கு. தினமும் நின்னு பேசிட்டுத்தான் மேல வர்றாரு."

அக்கா சிரிக்கவில்லை. "அவரு பேசறாரா, நீ பேசறியா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். முதல் வாக்கியத்துக்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

"மேல வந்ததும் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு இருமுறாரு. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு" என்றாள் அக்கா.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் இருக்கிறது. அதே பட்டறையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர், அத்தானைவிட இளையவர், இப்போது ஜன்னலோரம் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார். கல் பொடி நுரையீரலில் தங்கித் தழும்பு தழும்பாகக் கட்டிவிட்டது, இனி அது பழையபடி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தான் அவரை அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவார். பார்த்துவிட்டு வந்த நாட்களில் சரியாகச் சாப்பிட மாட்டார். ஆக, மனிதருக்குச் சந்தேகம் முன்பே இருந்திருக்கிறது. என் வாசலில் மூச்சு வாங்க நின்றாரே தவிர, எங்களிடம் மூச்சு விடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோல் கையில் இருந்ததை நினைத்து நானே அதைக் கீழே வைத்தேன்.

அக்கா மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். முதலில் மூச்சுப் பரிசோதனை. ஒரு குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பரிசோதனை செய்கிற பெண் சின்ன உருவம்தான், ஆனால் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று அவள் போட்ட கூச்சலில் நடைபாதையில் உட்கார்ந்திருந்த நானே தம் பிடித்து ஊதினேன். அதன் பிறகு எக்ஸ்ரே. அதற்குப் பிறகு ஸ்கேன்.

ஸ்கேன் முடிவுக்கு முன்னால் டாக்டரம்மா அத்தானின் ஒரு நாள் வேலையைக் காலையிலிருந்து சொல்லச் சொன்னார். காற்றுக் குளியல் வந்ததும் அத்தானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. புகை அடங்கின பிறகுதான் மாஸ்க்கைக் கழற்றுவேன் என்று அழுத்திச் சொன்னார்.

"புகை அடங்கிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கண்ணுக்குத் தெரியாது டாக்டர். சுத்தமா இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியற தூசி பெரிய தூசிங்க. பெரும்பாலும் மூக்குலயும் தொண்டையிலயும் மாட்டிக்கும், சளியோட வெளிய வந்துரும். தெரியாததுதான் ஆபத்து. பொடியிலும் பொடி. புகை அடங்கின பிறகும் ரொம்ப நேரம் காத்துல மிதந்துட்டே இருக்கும். நுரையீரலோட அடி வரைக்கும் போயிடும், திரும்பி வர வழி தெரியாது. நீங்க சரியா அந்த நேரம் பார்த்து மாஸ்க்கைக் கழட்டி, துணியில இருந்ததையும் ஊதிக் கிளப்பி விட்டிருக்கீங்க."

"மாஸ்க்கையும் ஊதித்தான் வைப்பேன்" என்றார் அத்தான், அதையாவது மெச்சுவார் என்ற நம்பிக்கையில்.

"எங்க வெச்சு?"

அத்தான் முகத்துக்கு நேரே கையைப் பிடித்துக் காட்டினார். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மாஸ்க் வெளியே நிறுத்தின பொடியை அதன் துணிக்கு உள்ளே தள்ளி, அந்தத் துணியையும் கெடுத்து, மறுநாள் அதையே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பிறகு மெதுவாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா அழுதுவிட்டாள். "என் தரை சுத்தமா இருக்கணும்னு உங்க நெஞ்சைக் குப்பைத்தொட்டி ஆக்கிட்டேனே."

"வீட்டுக்குத் தூசி வேணாம்னுதான் நீ சொன்ன. ஊதச் சொன்னியா? அந்த அதிபுத்திசாலித்தனம் என்னோடது" என்றார் அத்தான். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் முன்னால் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. நான் எதிர்ச்சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. டாக்டரம்மா படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூச்சுக்குழாய் நல்லா வீங்கியிருக்கு. இருமலுக்கும் மூச்சு வாங்கறதுக்கும் அதுதான் காரணம். மருந்துக்குக் கேக்கும். நுரையீரல்ல தழும்பு எதுவும் தெரியல."

"அப்ப, அந்தப் பாலிஷ்காரர் மாதிரி…" அக்காவால் முடிக்க முடியவில்லை.

"அது இல்லைம்மா. ஆனா வருஷா வருஷம் வந்து படம் எடுக்கணும். இந்தத் தூசியை மட்டும் இனிமே நெஞ்சுக்குள்ள விடாதீங்க."

வயிற்றில் பாலை வார்த்தார் மகராசி. நடைபாதைக்கு வந்து நான் சிரித்த சிரிப்பில் ஒரு நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார். அதட்டட்டுமே.

அக்கா நேராகப் பட்டறைக்குப் போனாள். தண்ணீர் விட்டுத்தான் கல்லை அறுக்க வேண்டும் என்றாள். முதலாளி தலையைச் சொறிந்தார். "தண்ணி விட்டா இடம் முழுக்கச் சேறாயிடுமேம்மா."

"சேறாகட்டும். சேறு பறந்து மூக்குக்குள்ள போகாது." வாழ்நாளில் அக்கா சேறு கேட்டது அன்றுதான். கூடவே, "நீங்களும் அந்தக் குழாயில ஊதிக்குவீங்களா?" என்று ஒரு கேள்வியையும் போட்டாள்.

முதலாளியின் முகம் செத்துவிட்டது. அவர் சட்டையை மட்டுமல்ல, கார் சீட்டைக்கூட அதில்தான் ஊதிக்கொண்டிருந்தார். பட்டறையில் இருந்த எல்லோரும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். வரிசையில் முதல் ஆள் அவர். சக்கரத்துக்கு மேலே தண்ணீர்க் குழாய் வந்தது. காற்றுக் குழாயின் முனையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். வேலைத்துணியை அங்கேயே ஈரத்தில் போட்டுவிட்டு, குளித்து, வேறு உடுத்திக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆயிற்று. மாஸ்க் மட்டும் புதிது புதிதாக மாறியது. அதை யாரும் குளிப்பாட்டுவதில்லை. தண்ணீர் போக வடிகால்தான் இன்னும் கட்டி முடியவில்லை. வாசலில் கல்சேறு தேங்கி நிற்கிறது. மாப்பிள்ளை இப்போது சேற்றுச் செருப்போடு வருகிறார்.

மழைக்காலம் முடிகிற ஒரு சாயங்காலம். சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன் என்று ஒரு அம்மாள் என்னைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டுப் போயிருந்தாள். அத்தானிடம் சொல்வதற்காக அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நூலைக் கடித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் ஆளைக் காணோம். மேலே அக்கா வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தேன். கீழிருந்து வெள்ளை வெள்ளையாகச் சேற்றுத் தடம். ஒன்றன் பின் ஒன்றாக ஏறி, என் வாசலைத் தாண்டி, அதே நடையில் மேலே போயிருந்தது. எங்கேயும் இரண்டு கால் சேர்ந்து நிற்கவில்லை.

அக்கா ஈரத்துணியோடு படி துடைக்க இறங்கி வந்தாள். காய்ந்தால் தூசியாகிவிடும் என்று தினமும் உடனே துடைத்துவிடுவாள். என் வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

"இங்க நிக்கலையா?"

"நிக்கல. என்னை ஒரு வார்த்தை கேக்கல" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அக்கா துணியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மேலே அத்தான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இருமல் கேட்கவில்லை, தண்ணீர்ச் சத்தமும் கேட்கவில்லை.

"அக்கா, காஞ்சிடும். துடை."

"துடைக்கிறேன்டி. கொஞ்சம் பார்த்துக்கறேன், இரு."