ஸ்டார்ட்டர் மேல் ஒரு பொட்டு

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. காரணம் ஒன்றுதான். திறந்தவுடன் பாஸ்வேர்டு கேட்கும். என் வீடு, என் மேஜை, நான் கட்டுகிற கரண்ட் பில். இதில் என்னையே பார்த்து "நீ யாரு?" என்று கேட்க அது யார்?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு இதை என் தலையில் கட்டியிருந்தாள். நல்ல மெஷின்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது போல வாசலிலேயே இப்படி ஒரு மறியல். மகளிடம் போனில் சண்டை போட்டேன்.

"பாப்பா, இந்தக் கேள்வி கேக்குறதை எடுத்துட முடியாதா?"

"எடுக்கலாம்மா. ஆனா எடுக்கக் கூடாது. யாராவது திறந்து பார்த்துட்டா?"

"யாருடி பார்க்கப் போறா? நானும் உங்கப்பாவும்தான் இருக்கோம். அவருக்கு டிவி ரிமோட்டே தகராறு. அதுல நான் என்ன தங்கமா பூட்டி வச்சிருக்கேன்? ரசப்பொடி அளவுதான் எழுதி வச்சிருக்கேன்."

அவள் மசியவில்லை. கடைசியில் ஒரு பஞ்சாயத்து ஆனது. அடுத்த தடவை மயிலாப்பூர் வந்தபோது என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, லேப்டாப்பின் ஸ்டார்ட் பட்டன்மேல் திரும்பத் திரும்ப வைத்து எடுத்தாள். இனிமேல் அந்தப் பட்டனில் விரலை வைத்தால் போதும், ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு திறந்துவிடும். "விரல் வேலை செய்யலைன்னா மட்டும் நாலு நம்பர் கேக்கும், இதான் அந்த நம்பர், மறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறக்காதே என்று சொன்ன எதை நான் மறக்காமல் இருந்திருக்கிறேன்?

எனக்கு அந்த லேப்டாப் எதற்கு என்றால், பாட்டு கற்றுக்கொள்ள. சிரிக்காதீர்கள். ரிட்டயர் ஆன பிறகு ஒரு மனுஷி ஆசைப்படக் கூடாதா?

அது இன்றைய ஆசையும் இல்லை. பாவாடை கட்டிய வயதில் ஒரு டீச்சரிடம் சேர்ந்தேன். சரளி வரிசை தொடங்குவதற்குள் எனக்கு மஞ்சள் காமாலை. தேறி எழுந்து போனால், டீச்சர் வேறு ஊருக்கே குடிபோய்விட்டிருந்தார். கல்யாணமான புதிதில் மந்தைவெளியில் ஒரு மாமியிடம் சேர்ந்தேன். அப்போது பார்த்து மசக்கை. மாமி 'ச' பாடச் சொல்லி நான் வாயைத் திறந்தால் குமட்டிக்கொண்டு வந்தது. பிறகு சாந்தோமில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்து, அதன் பக்கத்திலேயே ஒரு சாயங்கால வகுப்பு. சேர்ந்த வாரமே மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் பாட்டு எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

இப்போது திருச்சியில் இருக்கும் ஒரு பெண், என் மகள் வயதுதான், ஆன்லைனில் சொல்லித் தருகிறாள் என்று கேள்விப்பட்டு பெயர் கொடுத்தேன். விஜயதசமியன்று காலை எட்டு மணிக்கு முதல் பாடம். "ஆன்ட்டி, அன்னிக்கு ஆரம்பிச்சா நிக்காம போகும். லேட்டா மட்டும் வராதீங்க" என்றாள். சரி மிஸ் என்றேன்.

வெளியே சிரித்தேனே தவிர உள்ளே ஒரு பயம். இந்தத் தடவையும் தட்டிப் போனால் அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் நமக்குப் பாட்டு இல்லை என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம்.

முதல் நாள் சரஸ்வதி பூஜை. அது எனக்கு சரஸ்வதி பூஜை, என் வீட்டுக்காரருக்கு ஆயுத பூஜை. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் அன்றைக்கு ஸ்பேனரிலிருந்து கிரேன்வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை போதவில்லை. கிரைண்டர், மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், அரிவாள்மணை, என் தையல் மெஷின், எதையும் விட மாட்டார். ஒரு வருஷம் கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அவருக்கும் வைத்திருப்பார்.

மாட வீதியில் கூட்டத்தில் இடிபட்டு நான் பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் வாங்கி வந்து சேர்வதற்குள் சந்தனத்தைக் குழைத்து உட்கார்ந்துவிட்டார். பூஜையில் என் புதுப் பாட்டு நோட்டும் அதன் கீழே லேப்டாப்பும். மூடியின்மேல் அழகாக ஒரு பொட்டு. பார்க்கவே லட்சணமாக இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது என்று எங்கள் வீட்டில் கறார். நானும் தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, சாமிக்குக் கற்பூரம் காட்டி, லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தேன். உள்ளேயும் ஒரு பொட்டு! வலது பக்க மூலையில், சரியாக ஸ்டார்ட் பட்டன்மேல். சந்தனம் அடை மாதிரி காய்ந்து, நடுவில் குங்குமம். மூடியை மூடியதில் திரையின் ஓரத்திலும் ஒரு அச்சு விழுந்திருந்தது. நல்ல சகுனம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு அந்தப் பொட்டின்மேலேயே விரலை வைத்து அழுத்தினேன்.

மெஷின் உயிர் வந்து எழுந்தது. ஆனால் திறக்கவில்லை. உங்கள் விரல் தெரியவில்லை என்றது. மறுபடி வைத்தேன். மறுபடியும் தெரியவில்லை. இப்படியே சில தடவை. பிறகு, விரலெல்லாம் போதும், நம்பரைச் சொல்லு என்று ஒரு கட்டத்தைக் காட்டி நின்றுவிட்டது.

எந்த நம்பர்? மகள் பிறந்த தேதியை அடித்தேன். தப்பு. எங்கள் கல்யாண நாள். தப்பு. அவள் பெங்களூர் வீட்டுக் கதவு எண். அதுவும் தப்பு. அப்புறம் அது செய்த வேலையைக் கேளுங்கள். ஏ ஒன்று பி இரண்டு சி மூன்று என்று அடித்துக் காட்டு, அப்போதுதான் அடுத்த வாய்ப்பு என்றது. எல்.கே.ஜி. அட்மிஷனுக்கா வந்திருக்கிறேன்? பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அடித்தேன்.

"ஏங்க! பாப்பாவுக்குப் போன் போடுங்க!"

போட்டார். அவளுக்கு ராத்திரி ஷிஃப்ட். போனை அமுக்கி வைத்துவிட்டுத் தூங்கியிருப்பாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. என் போனில் வகுப்பைப் போடலாம் என்றால் அந்த ஆப் உள்ளே போக இடமில்லை. அத்தனையும் சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கப் படங்கள். அவருடையதோ பட்டன் போன். எட்டு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முதல் தடவை காமாலை, அடுத்தது மசக்கை, அப்புறம் மாமனார், இப்போது இந்தச் சனியன் பிடித்த கட்டம். போச்சு, எல்லாம் போச்சு என்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "இந்தாம்மா, நெத்தியில என்ன இவ்வளவு குங்குமம்?"

கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி முழுக்கச் சிவப்பு. அதன்மேல் சந்தனம் வேறு. பட்டனைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"அடப்பாவி மனுஷா! ஆளைப் பார்க்குற கண்ணுமேலயா பொட்டு வைப்பீங்க? இவ்வளவு பெரிய மெஷின்ல உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா? ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்க மாட்டீங்களே! டிப்போவையே கட்டி ஆண்ட நினைப்பு!"

அவர் உள்ளே ஓடினார். துண்டின் முனையை நனைத்துக்கொண்டு வந்து துடைக்கப் போனார். அப்போதும் எனக்கு மனசு கேட்கவில்லை. "இருங்க, சாமி பொட்டைத் துடைச்சுத் தரையிலயா விடுவீங்க?" என்று தடுத்து, ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்து என் நெற்றியில் கொஞ்சம், அவர் நெற்றியில் மிச்சத்தை அப்பினேன். பிறகு அவர் துடைத்தார். அதில் மட்டும் மெக்கானிக் கை மெக்கானிக் கைதான். ஒரு துளி ஈரம் உள்ளே போகவில்லை. என் விரலைப் புடவைத் தலைப்பில் அழுந்தத் துடைத்தேன். மெஷினை ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தேன்.

திறந்தது! நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட் கதவும் திறந்தது.

வகுப்புக்குள் நுழையும்போது சரியாக மிஸ் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். திரை நிறைய கட்டம் கட்டமாகக் குழந்தைகள், நடுவில் நான், நெற்றியை அடைத்த பொட்டோடு. ஒரு வாண்டு, "மிஸ், அந்த ஆன்ட்டி யாரோட அம்மா?" என்று கேட்டது. "அவங்களும் உன்னை மாதிரி ஸ்டூடன்ட்டுதான்" என்றாள் மிஸ். எனக்கு அந்த வார்த்தை அப்படி இனித்தது. முதலில் 'ச'. எல்லாரும் பாடி முடித்து என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். குமட்டலும் இல்லை, கூப்பாடும் இல்லை. கொஞ்சம் நடுங்கினாலும் நேராகப் போய் நின்றது என் 'ச'. மிஸ் தலையை ஆட்டினாள். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் மகள் எழுந்து போன் செய்தாள். நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நடந்ததைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நாலு நம்பர் எங்கள் பழைய லேண்ட்லைனின் கடைசி நாலு நம்பராம். அட ராமா! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே!

"பாப்பா, அந்தக் கேள்வியே வேண்டாம். எடுத்துடலாம், வழி சொல்லு" என்றார் அவர்.

"சரிப்பா, தோத்துட்டேன். ஆனா அதுல பேங்க் வேலை எதுவும் பண்ணக் கூடாது, வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றார். அவள் சொல்லச் சொல்லக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ஏதோ ஒரு கட்டத்திலிருந்த டிக்கை எடுக்க வேண்டுமாம். பாஸ்வேர்டு இனி வேண்டாம் என்று சொல்வதற்கு, அந்தப் பாஸ்வேர்டையே இரண்டு தடவை அடித்துக் காட்ட வேண்டுமாம். அவர் இஞ்சின் இறக்குகிற பொறுமையோடு அடித்தார்.

அடித்துக்கொண்டிருக்கும்போதே மகள் கேட்டாள். "ஆனாலும் அப்பா, அவ்வளவு இடம் இருக்க, அது மேலயா கொண்டுபோய் வைப்பீங்க?"

"பஸ்ஸுல ஸ்டார்ட்டர்கிட்டதாம்மா முதல்ல வைப்போம். வண்டி எங்க உயிர் பிடிக்குதோ அங்க. வழியில நிக்கக் கூடாதுன்னு." ஒரு எழுத்தைத் தேடிப் பிடித்து அடித்தார். "மத்ததுக்கெல்லாம் சும்மா தொட்டு வச்சேன். இதுக்கு மட்டும் வேண்டிக்கிட்டு வச்சேன். உங்கம்மா பாட்டு மூணு தடவை பாதியிலேயே நின்னு போச்சு பாரு. மூணாவது தடவை நின்னது எங்கப்பாவுக்காக. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னது இல்லை அவ. இந்தத் தடவையாவது நிக்காம ஓடணும்னு நெனச்சேன். கொஞ்சம் கெட்டியா அப்பிட்டேன் போல."

கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். நான் எண்ணிக்கொண்டிருந்ததை இந்த மனுஷரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சுண்டலில் வெங்காயம்கூடப் போடவில்லை.

சுண்டல் தின்றுவிட்டுப் போய்ப் பார்த்தால் மறுபடி அதே கேள்வி! "என்னங்க இது?" என்று கத்தினேன். மெஷின் தூங்கி எழுந்தால் கேட்பதை நிறுத்தத் தனியாக ஒரு இடம் இருக்கிறதாம். அதையும் மகளிடம் கேட்டு நிறுத்தினார். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். பழக்க தோஷத்தில் விரலை நீட்டினேன். நீட்டிய விரல் அப்படியே நிற்க, திரை தானாகத் திறந்துகொண்டது. நீ யார் என்று கேட்கவில்லை. பட்டன்மேல் ஒன்றும் இல்லை. அதற்குப் பக்கத்தில், ஜாக்கிரதையாக ஒதுங்கி, கடுகளவுக்குப் புதிதாக ஒரு பொட்டு.

"ஏங்க, இங்க வந்து உக்காருங்க" என்றேன். வந்தார். சுருதியைப் போட்டுக்கொண்டு, காலையில் படித்ததைப் பாடிக் காட்டினேன். ச, ப, மேல் ச. அவர் கண்ணை மூடி, ரிப்பேருக்கு வந்த வண்டியின் சத்தம் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"ஹாரன் நல்லாத்தான் இருக்கு" என்றார். "வண்டி ஓடும்."

தட்டிலிருந்த பொரியை அள்ளி அவர்மேல் வீசிவிட்டு, மறுபடி 'ச'விலிருந்து ஆரம்பித்தேன்.