தையல்நாயகி அம்மாள் கேட்ட கேள்வி

திண்டிவனத்தில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலை மண்டிகளுக்குப் பின்புறமிருந்த சந்தில், 1954ஆம் ஆண்டு முதல் தையல்நாயகி அம்மாள் குடியிருந்தார். நழுவிய மூட்டுகளை அவற்றின் இடத்தில் சேர்ப்பது அவருடைய தொழில். தோள், முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால், கொட்டாவி விட்டபின் மூட முடியாமற்போன தாடை ஆகியவற்றைப் பார்ப்பார். முதுகெலும்பைத் தொட மாட்டார். எலும்பு முறிந்திருக்குமோ என்னும் ஐயம் எழுந்தால், விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்.

இத்தொழிலை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. அவருடைய கணவர் விழுப்புரம் ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். ஒருமுறை நழுவிய அவருடைய வலத்தோள், பிறகு ஆண்டுக்கு நான்கைந்து முறை நழுவத் தொடங்கியது. வலிக்கு அஞ்சி அவர் உடம்பை இறுக்கிக்கொள்வார். இறுகிய தசை மூட்டை உள்ளே விடாது. ஒரு நாள் அவருடைய முழங்கையைப் பிடித்தபடியே தையல்நாயகி, "உங்க அக்கா வந்து என்னை இன்னா சொல்லிட்டுப் போச்சு தெரியுமா?" என்று கேட்டார். பதில் சொல்ல அவர் வாயைத் திறந்த நொடியில் தோள் உள்ளே போய்விட்டது. சுருக்கென்று ஒரு கேள்வி தைத்தால் மனிதர் வலியை ஒரு நொடி மறக்கிறார் என்பதை அன்று தையல்நாயகி கண்டுகொண்டார். அந்த நொடியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கணவர் இறந்தபின் திண்டிவனத்துக்கு வந்தவருக்கு, மூட்டை தூக்குவோரின் தோள்கள் வேலை கொடுத்தன. வாசலில் போட்டிருந்த பெஞ்சில் எந்நேரமும் நால்வர் காத்திருப்பர். வலி இல்லாதவர்கள்கூட அவருடைய கேள்விகளைக் கேட்பதற்காகவே வந்து அமர்வதுண்டு.

"ஏன்டா பச்சைமுத்து, மூட்டை தூக்கச்சொல்ல நழுவுச்சா, பொண்டாட்டிக்குக் கால் அமுக்கச்சொல்ல நழுவுச்சா?"

"உங்களுக்கு யாரு சொன்னதுக்கா..." என்று அவன் சீறுவதற்குள் களுக்கென்று ஓசை கேட்கும்.

"அவ்ளோதான், எழுந்திரு. மூணு நாளைக்கு மூட்டை தூக்காத. கால் அமுக்கிக்கினு இரு."

பெஞ்சு முழுவதும் சிரிக்கும். பச்சைமுத்துவும் சிரித்துக்கொண்டே போவான்.

1958ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில், புரண்ட கணுக்காலோடு நான் அந்தப் பெஞ்சில் அமர்ந்திருந்தேன். மண்டியில் எடை போடும் சின்னதுரையின் மனைவி பூமாலை, இடக்கையில் குழந்தையும் தொங்கிய வலக்கையுமாக வந்தாள். அவளுக்கு இருபது வயது இருக்கலாம். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். தையல்நாயகி அம்மாள் அவளுடைய முழங்கையை மடக்கி, மெல்ல வெளிப்புறமாகத் திருப்பினார். மணமான இளம்பெண்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியையே அவளிடமும் கேட்டார்.

"இன்னாடி, புருஷன் கையைப் புடிச்சு இழுத்தானா? ஆசையிலயா, ஆத்திரத்துலயா?"

மற்றப் பெண்கள், "ஐய, போங்கக்கா" என்று நாணுவார்கள். பூமாலை நாணவில்லை.

"உங்களுக்கு யாரு சொன்னதுக்கா?" என்றாள்.

தோள் உள்ளே போய்விட்டது. பச்சைமுத்து சொன்ன அதே சொற்கள். ஆனால் குரல் வேறு. அவ்வேறுபாட்டை உணர்வதற்குள் பெஞ்சு சிரித்துவிட்டது. சிரித்தவர்களுள் நானும் ஒருத்தி. அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு, எங்களுள் ஒருவரையும் பார்க்காமல் போனாள். தையல்நாயகி அம்மாள் அவளைத் திரும்ப அழைக்க நினைத்தாராம். அதற்குள் அடுத்த ஆள் வந்து அமர்ந்துவிட்டான்.

அச்சிரிப்பு மறுநாள் மண்டிக்குள் சென்றது. "இன்னா சின்னதுரை, தராசை மெதுவாப் புடி. கழண்டுக்கப் போவுது" என்றார்கள். அங்கே அவன் குனிந்து அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றினான். வீட்டில் என்ன பேசினான் என்பது எங்களுக்குத் தெரியாது.

தை மாத இறுதியில் தெருக்குழாயடியில் பூமாலையைத் தையல்நாயகி அம்மாள் கண்டார். அவள் இடக்கையால் குடத்தைத் தூக்கினாள். வலத்தோளின் உருண்டை தட்டையாகி, அதன்கீழ் ஒரு குழி விழுந்திருந்தது.

"எத்தினி நாளாச்சுடி?"

"கார்த்திகை தீபத்துக்கு மொத நாளு."

"ரெண்டு மாசம் ஆச்சே. ஏன்டி வரல?"

"வந்தா கேப்பீங்களேக்கா."

அவளை வீட்டுக்குள் அழைத்துச் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு முயன்றார். அன்று அவருக்குக் கேள்வி எதுவும் வரவில்லை. மூட்டு தவறான இடத்தில் உறைந்துபோயிருந்தது. மறுநாள் பேருந்தில் அவரே அவளை விழுப்புரத்துக்கு அழைத்துச் சென்றார். முதல் சில நாட்களுக்குள் வந்திருந்தால் கையாலேயே சேர்த்திருக்கலாம் என்றும், இனிச் சென்னைக்குச் சென்று அறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றும், அப்போதும் உறுதி இல்லை என்றும் டாக்டர் கூறினார். அறுப்பதற்குப் பூமாலையின் வீட்டார் இசையவில்லை. அவளுடைய வலக்கை அதன்பின் மார்புக்கு மேல் எழவே இல்லை.

அதற்குப் பிறகு தையல்நாயகி அம்மாள் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "இன்னைக்கு உங்க வூட்டுல இன்னா கொழம்பு?" கேட்கப்பட்டவர் கத்தரிக்காயா, காராமணியா என்று யோசிப்பார், தசை தளரும், மூட்டு சேர்ந்துவிடும். பெஞ்சில் ஆட்கள் குறைந்தார்கள். வலி உள்ளவர்கள் மட்டும் வந்தார்கள்.

"இதை அப்பவே கேட்டிருக்கலாம்மா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "வேலை நடந்திருக்கும். எனக்குத்தான் பெஞ்சு சிரிக்கணும்னு இருந்துச்சு."

அவருடைய பிழை அக்கேள்வி மட்டும் அன்று என்று எனக்குத் தோன்றியது. உண்மையான பதில் வந்தபோது நாங்கள் அனைவரும் அங்கேயே இருந்தோம். எழுந்து அவள் பின்னே செல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

1966ஆம் ஆண்டில், மணிக்கட்டு பிசகிய தன் மகளைப் பூமாலை அழைத்துவந்தாள். நான் மடியில் வைத்திருந்த அதே குழந்தை. இப்போது ஒன்பது வயது. தையல்நாயகி அம்மாள் சிறுமியின் கையை வாங்கிக்கொண்டார்.

"உங்க வூட்டுல இன்னா கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு. நான்தான் அம்மியில அரைச்சேன். அம்மாவுக்குக் கை வராது."

மூட்டு சேர்ந்துவிட்டது. அவர் கையை விடவில்லை. துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டபின்னும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"மூணு நாளைக்கு அம்மியைத் தொடாத" என்றார். பிறகு, அந்த வீட்டில் வேறு யார் அரைப்பார்கள் என்பது நினைவுக்கு வந்ததுபோலப் பூமாலையை நிமிர்ந்து பார்த்தார்.

மூன்று நாளும் காலையில் அவர் அந்த வீட்டுக்குச் சென்று அரைத்துக்கொடுத்தார். பூமாலை தடுக்கவில்லை என்று சிறுமி பிற்பாடு என்னிடம் கூறினாள். மிளகாயையும் புளியையும் இடக்கையால் எடுத்து வைத்துவிட்டு, அரைத்து முடியும்வரை அருகிலேயே நின்றாள்.