நான் பூட்டிய கிணறு

ஒரு குழந்தைக்குக் குடிதண்ணீர் இல்லாமல் செய்தவன் நான். தவறென்று தெரிந்தே செய்தேன்.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த வருடம். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். டவுனை ஒட்டி, ஐக்கிய வீட்டுச் சங்கம், அதாவது கூட்டுறவுச் சங்கம், கட்டிய தெருவில் குடியிருந்தோம். பி.ஏ. படித்துச் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை பார்த்ததால் என்னைச் சங்கத்தின் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள். தெருவுக்கு ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. வெளியாட்கள் இறைக்காமலிருக்க அதைச் சுற்றிக் கம்பிவேலி, பூட்டு, வீட்டுக்கொரு சாவி. தூர் வாரவும் விளக்குப் போடவும் மாதாமாதம் பணம் வசூலிப்போம்.

எதிர் வரிசையில் ஒரு பெண்ணும் அவளுடைய சிறிய மகளும் இருந்தார்கள். புருஷனுக்கு ரங்கூனில் கடை வேலை. யுத்தம் வந்ததும் பணமும் நின்றது, தபாலும் நின்றது. பாக்கி ஏறியது. வசதியுள்ளவர்களும் அவளைச் சாக்காக வைத்து, "அந்தம்மா கட்டட்டும், நானும் கட்டுறேன்" என்றார்கள். கோடை நெருங்கிவிட்டது, தூர் வாரப் பணமில்லை. கண்டிப்பானவன் என்று பெயரெடுக்க எனக்கும் ஆசை.

பாக்கிக்கு வட்டி போடலாம், மேலிடத்துக்கு மனுச் செய்யலாம். அதற்குமேல் கமிட்டிக்கு அதிகாரம் கிடையாது. சங்க விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். ஆனாலும் அவளுடைய சாவியை வாங்கிவிடலாம் என்று கமிட்டியில் சொன்னேன்.

"விதியில இடமிருக்கா?" என்று ஒரு மெம்பர் கேட்டார்.

"இருக்கு" என்றேன். அவளுக்கு யாராவது இறைத்துக் கொடுத்தால் அவர்கள் சாவியும் போய்விடும் என்று தீர்மானத்தில் நானே ஒரு வரி சேர்த்தேன்.

"மழை பேஞ்சா அவ வாசல்ல மட்டும் விழாமக் குடை பிடிப்பீங்களா, காரியதரிசி சார்?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் குத்தலாகக் கேட்டாள்.

அந்தப் பெண்ணே வந்து நின்றாள். "அண்ணே, அவுக தபால் வந்ததும் மொத்தமாக் கட்டிருவேன். புள்ளை குடிக்க ஒரு கொடம் மட்டும் எடுத்துக்கிறேன்."

"கமிட்டி முடிவும்மா. என் கையில என்ன இருக்கு?" என்றேன்.

தாயும் மகளும் ஊருணிக்குப் போனார்கள். எல்லோரும் கால் வைத்து இறங்கும் ஊருணி. மறு கோடையில் சிறுமியின் முழங்காலருகே கொப்புளம் கிளம்பி உடைந்தது. நரம்புச் சிலந்தி. அசுத்தத் தண்ணீரோடு உள்ளே போகும் கிருமி, நூல் மாதிரி புழுவாக வளர்ந்து ஒரு வருடம் கழித்து வெளியே வரும். தாய் அதைக் குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இழுத்தாள். அந்தப் பிள்ளை அலறுவது எங்கள் வீடு வரை கேட்கும். ஒருநாள் புழு அறுந்துவிட்டது. சீழ் பிடித்து, முழங்கால் மடங்கியபடியே நின்றுபோனது.

அடுத்த சங்கப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, விதியில் இடமில்லை, பொய் சொன்னேன் என்றேன். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்று யாரோ சிரித்தார். பாக்கியை நானே கட்டிவிட்டுப் பதவியை விட்டேன். சாவியை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்து உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியுமாண்ணே ஒங்களுக்கு?"

"தெரியும்மா."

"நல்லாத்தான் படிச்சிருக்கீங்க" என்றாள்.

வண்டி பிடித்துச் சிறுமியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இனி கால் நிமிராது என்றார் டாக்டர். சில மாதங்களில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு இலுப்பூர்ப் பக்கம் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருமுறை தேடிப் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் மகளை உள்ளே அனுப்பிவிட்டாள்.

தெருவில் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் பெண் யாரைக் கண்டாலும் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், பார்த்தே ஆக வேண்டியவன் நான்தான் என்று தெரிந்தும்.